ஏ.இ.கே. ஏதென்ஸ் ஹேண்ட்பால் அணியும் 2021 ஐரோப்பியக் கோப்பையும்: வரலாற்றில் அதற்குரிய இடம் எது?

மாலைக்கதிர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கிரேக்க விளையாட்டுக் கழகங்களைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரைகளில் அடுத்ததாக ஏ.இ.கே. ஏதென்ஸ் கழகத்தின் ஆண்கள் ஹேண்ட்பால் அணியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டுரையை முடிப்பதற்கு முன் அதன் சுருக்கத்தை இங்கே வைக்கிறேன். பிழை இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

'கான்ஸ்டான்டிநோபிள் விளையாட்டுச் சங்கம்' என்று பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளே ஏ.இ.கே. ஆயின. 1922-இல் ஆசியா மைனரில் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) கிரேக்கர்களுக்கு நேர்ந்த பேரழிவுக்கும், அதையடுத்து லொசான் உடன்படிக்கையின்படி கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையில் நடந்த மக்கள் பரிமாற்றத்துக்கும் பிறகு, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கிரேக்கத்துக்கு அகதிகளாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் கான்ஸ்டான்டிநோபிளைச் சேர்ந்த சிலர் 1924-இல் ஏதென்ஸில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் கூடி இக்கழகத்தைத் தொடங்கினார்கள். மஞ்சளும் கறுப்புமான அதன் நிறங்களும், இரட்டைத் தலைக் கழுகுச் சின்னமும் அவர்கள் விட்டுவந்த நகரத்தின் நினைவாக வந்தவை. கழகத்தின் இருப்பிடமான நேயா பிலதெல்பியா என்ற பகுதியே ஆசியா மைனரில் இருந்த பழைய பிலதெல்பியாவின் பெயரைச் சுமந்து நிற்கிறது.

இவ்வளவு பழைய கழகத்தில் ஹேண்ட்பால் பிரிவு 2005-இல்தான் தொடங்கப்பட்டது. எட்டே ஆண்டுகளில், 2013-இல், அது முதன்முறையாகக் கிரேக்க சாம்பியன் ஆனது. அதே 2013-இல்தான் ஏ.இ.கே. கால்பந்து அணி தன் வரலாற்றில் முதன்முறையாக முதல்நிலை லீக்கிலிருந்து இறக்கப்பட்டது. கடன்சுமை காரணமாக அது தானாகவே மூன்றாம் நிலைக்கும் சென்றது. கழகத்தின் பெருமைக்குரிய அணி தரைமட்டமான பருவத்தில் பெரிதும் அறியப்படாத இந்தச் சின்னப் பிரிவு கோப்பையைத் தூக்கியது என்பதே இந்த வரலாற்றில் என்னை முதலில் ஈர்த்த செய்தி.

2018-இல் சேலஞ்ச் கோப்பையின் இறுதிக்கு வந்து ருமேனியாவின் பொட்டாய்சா துர்தா அணியிடம் கோப்பையை இழந்தார்கள். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் கிரேக்க சாம்பியன் ஆனார்கள். 2021-இல் ஸ்வீடனின் யஸ்தாத் அணியை இறுதியில் வென்று ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். ஐரோப்பியப் பட்டம் வென்ற முதல் கிரேக்க ஹேண்ட்பால் கழகம் ஏ.இ.கே.தான் என்ற முடிவோடு கட்டுரையை நிறைவு செய்ய எண்ணியிருக்கிறேன்.

அல்லிக்குளம்

கட்டுரையின் தொடக்கம் மிக நன்றாக இருக்கிறது, மாலைக்கதிர். ஆனால் கடைசி வாக்கியம் தவறானது. அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். ஐரோப்பியப் பட்டம் வென்ற முதல் கிரேக்க ஹேண்ட்பால் கழகம் தியோமிதிஸ் ஆர்கோஸ். 2011-12 பருவத்தின் சேலஞ்ச் கோப்பை இறுதியில் சுவிட்சர்லாந்தின் வாக்கர் துன் அணியை வென்று, ஏ.இ.கே.க்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே அவர்கள் அந்த இடத்தை அடைந்துவிட்டார்கள்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பு தன் மூன்றாம் நிலைப் போட்டிக்கு முதலில் 'சிட்டி கோப்பை' என்று பெயர் வைத்திருந்தது. 2000-இல் அது 'சேலஞ்ச் கோப்பை' ஆயிற்று; 2020-இல் போட்டிகளைச் சீரமைத்தபோது 'ஐரோப்பியக் கோப்பை' ஆயிற்று. போட்டி ஒன்றுதான், பெயர்கள்தான் மூன்று. புதிய பெயரில் அதை வென்ற முதல் அணி ஏ.இ.கே. என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் 'முதல் கிரேக்கக் கழகம்' என்று எழுதும்போது ஒரு சிறிய ஊரின் வரலாற்றை அழித்துவிடுகிறோம்.

மாலைக்கதிர்

மிக்க நன்றி. பெயர் மாற்றத்தைக் கவனிக்காமல் இரண்டையும் வெவ்வேறு கோப்பைகள் என்று எடுத்துக்கொண்டது என் பிழைதான், திருத்திவிடுகிறேன். 2018-இல் ஏ.இ.கே. இழந்ததும் 2021-இல் வென்றதும் ஒரே போட்டி என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அப்படியானால் மூன்று ஆண்டுகளுக்கு முன் வாசல்வரை வந்து திரும்பியவர்கள் அதே வாசலுக்கு மறுபடியும் வந்து உள்ளே நுழைந்திருக்கிறார்கள். நான் தனித்தனியாக எழுதிய இரண்டு பத்திகளையும் சேர்த்து எழுத வேண்டும்.

கோடைமழை

உண்மை திருத்தப்பட்டதில் மகிழ்ச்சி. இருந்தாலும் வேறொரு கோணத்தையும் இங்கே வைக்க விரும்புகிறேன். நாம் பேசிக்கொண்டிருப்பது மூன்றாம் நிலைக் கோப்பையைப் பற்றி. 2012-இல் ஐரோப்பாவின் முதல்நிலைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற அணி ஜெர்மனியின் கீல். 2021-இல் வென்ற அணி பார்சிலோனா. அந்த நிலையில் ஆடும் அணிகளும் அவற்றுக்கு அடுத்த நிலையில் ஆடும் அணிகளும் வேறு போட்டிகளுக்குப் போய்விட்ட பிறகு, எஞ்சிய அணிகளுக்கு இடையில் நடப்பதுதான் இந்தக் கோப்பை. ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் சிறந்த கழகங்கள் இதில் கால் வைப்பதே இல்லை.

கிரேக்க ஹேண்ட்பாலின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால், எந்தக் கழகத்தின் கோப்பையையும் விட்டுவிட்டு 2004, 2005 ஆகிய இரண்டு ஆண்டுகளையே சொல்வேன். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் இடம்பெற்ற கிரேக்க ஆண்கள் அணி ஆறாவது இடத்தைப் பிடித்தது. சொந்த ஊரில் ஆடியதால் வந்த வெற்றி என்று அதை ஒதுக்கிவிட முடியாதபடி, அடுத்த ஆண்டே துனிசியாவில் நடந்த உலகக் கோப்பையிலும் அவர்கள் ஆறாவதாக வந்தார்கள். உலகின் சிறந்த அணிகள் அனைத்தும் முழு வலிமையோடு வந்த களங்கள் அவை. அவற்றோடு ஒப்பிடும்போது மூன்றாம் நிலைக் கோப்பைக்கு நாம் கொடுக்கும் மரியாதை சற்று மிகுதி என்றே படுகிறது.

ஆடுகளத்தார்

நான் அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பித்து வருவதால் இரண்டு செய்திகளைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலாவது சொல்லைப் பற்றியது. 'கைப்பந்து' என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் வாலிபாலை நினைத்துக்கொள்வார்; 'எறிபந்து' என்று எழுதினால் பள்ளிகளில் வலைக்கு மேலாக வீசி ஆடும் த்ரோபாலை நினைப்பார். ஆகவே மாலைக்கதிர் 'ஹேண்ட்பால்' என்றே எழுதியிருப்பது சரியானது. ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு பத்தியையும் சேர்த்துவிடுங்கள். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள உள்ளரங்கத் தளத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுவார்கள். கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. அதைச் சுற்றி 6 மீட்டர் தொலைவில் வரையப்பட்ட கோட்டுக்கு உள்ளே கோல்கீப்பர் மட்டுமே கால் வைக்கலாம். பந்தோடு மூன்று அடிக்கு மேல் எடுத்து வைக்கக் கூடாது. மூன்று நொடிக்கு மேல் பந்தைப் பிடித்து வைத்திருக்கவும் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு முப்பது முப்பது நிமிடங்களாக இரண்டு பகுதிகள்.

இரண்டாவது, கோடைமழை அவர்கள் எழுப்பிய மதிப்பீடு பற்றியது. இந்தக் கோப்பையின் சுற்றுகள் இரண்டு ஆட்டங்களாக நடக்கின்றன: ஒன்று உங்கள் ஊரில், மற்றொன்று எதிரணியின் ஊரில். இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் வென்றவர் யார் என்று முடிவு செய்வார்கள். அணி ஒன்றுக்கு இருபத்தைந்து முப்பது கோல்கள் விழும் ஆட்டத்தில் இந்தக் கூட்டல் முறை எவ்வளவு கொடியது என்பது ஆடியவருக்குத்தான் தெரியும். ஐந்து கோல் முன்னிலையோடு மறு ஆட்டத்துக்குப் போகும் அணி அதை ஐந்தே நிமிடத்தில் இழந்துவிடலாம். இருவர் அடுத்தடுத்து இரண்டு நிமிட வெளியேற்றத் தண்டனை பெற்றால், மீதியிருக்கும் ஐந்து பேர் கோட்டைக் காக்க வேண்டியிருக்கும். பிடித்து வைத்திருந்த முன்னிலை அந்த இடைவெளியில் கரைந்துபோகும். ஆகவே 120 நிமிட ஆட்டத்தை ஒரே ஆட்டமாக மனத்தில் வைத்து, கடைசி நிமிடம் வரை ஒவ்வொரு கோலையும் எண்ணி ஆட வேண்டும். ஒரு பருவம் முழுவதும் சுற்றுக்குச் சுற்று அப்படி ஆடி வென்ற அணியை, எந்த நிலைக் கோப்பையாக இருந்தாலும், நான் மதிக்கிறேன்.

ஏரிக்கரை (சுவிற்சர்லாந்து)

இந்த இழையில் துன் நகரத்தின் பெயரைக் கண்டதால் எழுதுகிறேன். நான் வாழ்வது பேர்ன் கன்ரோனில் (மாநிலத்தில்). துன் எங்களுக்குப் பக்கத்து ஊர். கோடைமழை அவர்களின் கருத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. ஆனால் 2012-இல் தியோமிதிஸ் வென்ற அணியை யாரும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. வாக்கர் துன் 2005-இல் இதே சேலஞ்ச் கோப்பையை வென்ற அணி. ஆர்கோஸிடம் தோற்ற அடுத்த பருவத்தில், 2013-இல், அது சுவிஸ் சாம்பியன் ஆகியது, 2018-இலும் ஆகியது. ஆகவே 2012-இல் கிரேக்கர்களுக்கு எதிரே நின்றது வளர்ந்து உச்சிக்கு வந்துகொண்டிருந்த ஓர் அணி.

அல்லிக்குளம்

ஏரிக்கரை அவர்களின் செய்தியைப் படித்ததும் யஸ்தாத் அணியின் வரலாறு நினைவுக்கு வந்தது. 2021 இறுதியில் ஏ.இ.கே.யிடம் தோற்ற அந்த அணியும் அடுத்த ஆண்டே, 2022-இல், ஸ்வீடன் சாம்பியன் ஆயிற்று. அதற்கு முன் அவர்கள் அந்தப் பட்டத்தை வென்றது 1976-இலும் 1992-இலும் மட்டுமே. அதாவது முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் வந்த பட்டம் அது. ஸ்வீடனோ ஹேண்ட்பாலில் பலமுறை உலக சாம்பியனான நாடு. எதிரணிகள் எஞ்சியவை என்ற கோடைமழை அவர்களின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இருக்க முடியாது: கிரேக்கக் கழகங்கள் இந்தக் கோப்பையை வென்ற இரண்டு முறையும், தோற்ற அணி அடுத்த ஆண்டே தன் நாட்டின் முதல்நிலை அணியாக எழுந்து நின்றிருக்கிறது.

ஆர்கோஸைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். எனக்கு நெருக்கமான பகுதி அதுதான். பெலொப்பொனேசில் ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சமவெளியில் இருக்கும் அந்த ஊரில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் வாழ்கிறார்கள். மேலே லாரிசா குன்றில் கோட்டை. கீழே மலைச்சரிவில் செதுக்கிய பழங்கால அரங்கம். ட்ராய் போருக்கு ஆர்கோஸிலிருந்து படை நடத்திச் சென்ற தியோமிதிஸ் மன்னனின் பெயரையே கழகத்துக்கு வைத்திருக்கிறார்கள். அஃப்ரோடைட்டி, ஏரிஸ் ஆகிய இரு தெய்வங்களையே களத்தில் காயப்படுத்தியவனாக ஹோமர் அவனைப் பாடுகிறார். அந்த ஊரின் அணி 2012-இல் ஐரோப்பியக் கோப்பையோடு கிரேக்க சாம்பியன் பட்டத்தையும் வென்றது. 2014-இல் மீண்டும் சாம்பியன் ஆனது. கிரேக்கப் பொருளாதாரம் நொறுங்கி, ஊதியங்களும் ஓய்வூதியங்களும் வெட்டப்பட்டு, மே மாதமும் ஜூன் மாதமும் அடுத்தடுத்துப் பொதுத்தேர்தல் நடந்த ஆண்டு அந்த 2012. அப்படிப்பட்ட ஆண்டில் பெருநகரப் புரவலர்கள் இல்லாத ஓர் ஊரின் கழகம் ஐரோப்பாவில் வென்றதை நான் ஏ.இ.கே.யின் வெற்றியைவிட ஒருபடி மேலாகவே வைப்பேன்.

கிரேக்க ஹேண்ட்பால் நீண்ட காலம் இத்தகைய ஊர்களின் ஆட்டமாகவே இருந்தது. வடக்கே வெரியா என்ற ஊரில், மாசிடோனிய மன்னன் பிலிப்பின் பெயரைத் தாங்கிய பிலிப்போஸ் கழகம் பலமுறை சாம்பியன் ஆகியிருக்கிறது. கால்பந்திலும் கூடைப்பந்திலும் ஏதென்ஸும் பிரேயசும் தெசலோனிக்கியும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டபோது, ஹேண்ட்பால் மட்டும் வெரியாவுக்கும் ஆர்கோஸுக்கும் சொந்தமாக இருந்தது. பெரிய கழகங்கள் ஹேண்ட்பாலில் வலுவாகக் கால் ஊன்றிய பிறகு அந்த நிலை மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

கோடைமழை

என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். துன், யஸ்தாத் இரண்டும் அடுத்த ஆண்டில் சாம்பியன் ஆனவை என்ற செய்தி நான் அறியாதது. அது என் வாதத்தின் ஒரு காலை எடுத்துவிட்டது. 2004, 2005 ஆகியவற்றை உச்சமாகக் கருதுவதில் மட்டும் நான் மாறவில்லை.

வான்குருவி

இவ்வளவு பேசியும் இந்த ஆட்டம் பிறந்ததே கிரேக்கத்தில்தான் என்பதை யாரும் குறிப்பிடவில்லையே? ஒடிசி காவியத்தின் எட்டாம் பாடலில் ஹாலியோஸ், லாவோதாமாஸ் என்ற இரண்டு இளைஞர்கள் ஊதா நிறப் பந்தை வைத்து ஆடுகிறார்கள். ஒருவன் பின்னால் வளைந்து பந்தை மேகம் நோக்கி வீச, மற்றவன் துள்ளி எழுந்து, கால் தரையைத் தொடுவதற்கு முன் அதைப் பிடிக்கிறான். கோல்கோட்டுக்கு முன் எம்பி அந்தரத்தில் பந்தைப் பிடிக்கும் இன்றைய ஹேண்ட்பால் வீரனை இதைவிட நன்றாக எப்படிச் சொல்ல முடியும்? இதையும் கட்டுரையில் சேர்க்கலாம்.

ஆடுகளத்தார்

காட்சி மிக அழகானது, வான்குருவி. ஆனால் வரலாறாக அதைச் சேர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஹோமர் சொல்வது நடனத்தோடு சேர்ந்த ஒரு விளையாட்டு. அதில் கோலும் இல்லை, அணிகளும் இல்லை. இன்றைய ஹேண்ட்பாலின் விதிகள் டென்மார்க்கில் உருவானவை. 1898-இல் ஹோல்கர் நீல்சன் என்ற ஆசிரியர் தம் பள்ளியில் அதற்கு வடிவம் கொடுத்தார். பிறகு ஜெர்மனியில் அது திறந்த வெளியில் பதினொருவர் ஆடும் ஆட்டமாக வளர்ந்து 1936 பெர்லின் ஒலிம்பிக் வரை வந்தது. எழுவர் ஆடும் உள்ளரங்க ஆட்டம் ஒலிம்பிக்கில் நுழைந்தது 1972 மியூனிக்கில். கிரேக்கம் இந்த ஆட்டத்தை வடக்கிலிருந்து பெற்றுக்கொண்ட நாடு. 'கை' என்பதையும் 'பந்து' என்பதையும் குறிக்கும் தங்கள் பழைய சொற்களைச் சேர்த்து 'கிரோஸ்ஃபேரிசி' என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மாலைக்கதிர்

அனைவருக்கும் நன்றி. அல்லிக்குளம் அவர்களின் வருத்தத்தை மதிக்கிறேன். ஆயினும் ஏ.இ.கே.யின் பக்கம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் கால்பந்தும் கூடைப்பந்தும் தனி நிறுவனங்களாக இயங்குபவை. ஹேண்ட்பாலோ 'அமெச்சூர் ஏ.இ.கே.' என்று அழைக்கப்படும் தாய்ச் சங்கத்தின் கீழ் வருகிறது. பெயர் பெரியது என்பதால் பணமும் பெரியது என்று எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும். 2013-இல் கால்பந்து விழுந்தபோது ஹேண்ட்பால் அதனோடு சேர்ந்து விழாமல் நின்றதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று கருதுகிறேன். ஒரு பெரிய பெயரின் நிழலில், சொந்தக் கால்களால் நடந்த அணி என்றே அதை நான் பார்க்கிறேன்.

அல்லிக்குளம்

இது நியாயமான விளக்கம். பெரிய கழகங்களின் வருகையால் நன்மையும் விளைந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2018 முதல் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி பெரும்பாலும் பிரேயசின் பெரிய கழகமான ஒலிம்பியாக்கோஸ், ஏ.இ.கே. ஆகிய இரண்டுக்கும் இடையில் நடப்பதால், கால்பந்து ரசிகர்களும் ஹேண்ட்பால் அரங்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். 2024-இல் ஒலிம்பியாக்கோஸும் இதே ஐரோப்பியக் கோப்பையின் இறுதிக்கு வந்தது. ஐஸ்லாந்தின் வாலூர் அணி முதல் ஆட்டத்தை 30-26 என வென்றது. கிரேக்கத்தில் நடந்த மறு ஆட்டத்தை ஒலிம்பியாக்கோஸ் 31-27 என வென்றது. கூட்டினால் 57-57. ஆடுகளத்தார் ஐயா மேலே சொன்ன கூட்டல் முறையின் கொடுமைக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது. சமநிலையை முறிக்க, கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு ஏழு மீட்டர் தொலைவிலிருந்து வீசும் வீச்சுகளில் வாலூர் 5-4 என்று கோப்பையை எடுத்துச் சென்றது. 120 நிமிடங்கள் சமமாக நின்ற அணி ஒரே ஒரு வீச்சில் தோற்றது.

ஆடுகளத்தார்

அந்தக் கணக்கை நாளைக்கே என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். மறு ஆட்டத்தின் முதல் நிமிடத்தில் தவறவிட்ட வீச்சும் கடைசி நிமிடத்தில் தவறவிட்ட வீச்சும் ஒரே மதிப்புடையவை என்று எவ்வளவு சொன்னாலும் அவர்கள் நம்புவதில்லை.

மாலைக்கதிர்

2025-இல் ஏ.இ.கே. மூன்றாவது முறையாக இந்த இறுதிக்கு வந்து, கோப்பையை வட மாசிடோனியாவின் அல்கலோய்ட் அணியிடம் விட்டுக்கொடுத்தது. தியோமிதிஸின் ஓர் இறுதி, ஏ.இ.கே.யின் மூன்று, ஒலிம்பியாக்கோஸின் ஒன்று எனச் சேர்த்தால், 2012-க்கும் 2025-க்கும் இடையில் ஒரே போட்டியின் ஐந்து இறுதிகளில் கிரேக்கக் கழகங்கள் நின்றிருக்கின்றன. இதே காலத்தில் கிரேக்க தேசிய அணியும் 2024-இல் ஜெர்மனியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் முதன்முறையாக ஆடியது. டென்மார்க், போர்ச்சுகல், செக் நாடு ஆகியவற்றோடு ஒரே பிரிவில் சேர்க்கப்பட்டதால் அவர்களால் முன்னேற முடியவில்லை. எனினும் 2005-க்குப் பிறகு நீண்ட காலம் பெரிய போட்டிகளில் காணாமற்போயிருந்த அணி அது. கோடைமழை அவர்கள் சொன்ன பழைய உச்சத்துக்கும் இன்றைய நிலைக்கும் இடைப்பட்ட வெறுமையில் கழகங்கள்தான் ஆட்டத்தை ஐரோப்பியக் களத்தில் உயிரோடு வைத்திருந்தன என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுரையின் இறுதி வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: "ஆர்கோஸ் நகரின் தியோமிதிஸ் 2012-இல் முதன்முறையாகக் கிரேக்கத்துக்குக் கொண்டுவந்த கோப்பையை, அதன் பெயர் மாறிய பிறகு, 2018-இன் தோல்வியைக் கடந்துவந்த ஏ.இ.கே. 2021-இல் இரண்டாம் முறையாகக் கொண்டுவந்தது." சரியாக இருக்கிறதா?

அல்லிக்குளம்

முழுவதும் சரி. எழுத்துப் பெயர்ப்பிலும் நீங்கள் 'டயோமெடிஸ்' என்று ஆங்கில வழியில் போகாமல் 'தியோமிதிஸ்' என்றே எழுதியிருப்பது எனக்கு மகிழ்ச்சி. இன்றைய கிரேக்கத்தில், அப்பெயரில் நாம் 'தி' என்று எழுதும் இடங்களில் வரும் மெய்யெழுத்தின் ஒலி, 'பாதை' என்ற சொல்லின் நடுவில் நாம் ஒலிக்கும் தகரத்தை ஒத்தது. ஆர்கோஸ்காரர் ஒருவர் கேட்டாலும் தம் கழகத்தின் பெயர் என்று உடனே அறிந்துகொள்வார்.